கீரியின் காப்பும் மனிதனின் கடமையும்



ஏறாவூரின் வயல் வரம்புகளிலும் வாவிக்கரைப் பற்றைகளிலும் கீரியைக் காணாதவர் நம்மில் அரிது. நாகத்தோடு பொருதி அதனையே இரையாக்கிக்கொள்ளும் இச்சிறு பிராணி, தீண்டப்பட்டால் ஏதோ ஒரு பச்சிலையைத் தின்று நஞ்சை முறித்துக்கொள்கிறது என்று மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்விலையைத் தேடி அரைத்து, தீண்டப்பட்ட மனிதருக்குக் கொடுப்போரும் உண்டு. உண்மை யாது?

நரம்பு இடும் கட்டளையை ஏற்கும் வாயில்கள் நம் தசைகளில் உள்ளன. நாகத்தின் நஞ்சு, பூட்டுக்குள் கள்ளச்சாவி நுழைவதுபோல் அவ்வாயில்களை அடைத்துவிடுகிறது. தசைகள் சோர்கின்றன, இறுதியில் மூச்சும் நின்றுவிடுகிறது. கீரியின் தசைகளிலோ அப்பூட்டின் அமைப்பே சற்று வேறுபட்டது. அந்தச் சாவி அதில் சரியாகப் பொருந்துவதில்லை. 1992ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் இதனை வெளிப்படுத்தினர். ஆகவே, கீரியின் காப்பு இலையில் இல்லை, உடலுக்குள்ளேயே இருக்கிறது.

அக்காப்பு ஒருநாளில் வந்ததன்று. எண்ணற்ற தலைமுறைகளாகச் சிறு வேறுபாட்டோடு பிறந்தவை தீண்டப்பட்டும் பிழைத்தன. அவ்வேறுபாட்டைத் தம் குட்டிகளுக்கும் அளித்தன. அது வாய்க்காதவை மடிந்தன. இதுவும் படைத்தவன் வகுத்த நியதியே. ஆயினும் இக்காப்பு முழுமையானதன்று. அளவுக்கு மிஞ்சி நஞ்சேறினால் கீரியும் இறக்கும். அதனாலன்றோ அது மயிரைச் சிலிர்த்து, விலகி விலகிப் போரிடுகிறது!

சகோதரர்களே! மனிதனுக்கு இத்தகைய பூட்டு அளிக்கப்படவில்லை, அறிவு அளிக்கப்பட்டது. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தினால் அதன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகிறது. அதிலிருந்தே நஞ்சுமுறி மருந்து பெறப்படுகிறது. இந்தியாவில் தயாராகி நம் நாட்டு வைத்தியசாலைகளில் பயன்படும் இம்மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரானது. கீரியின் காப்பை நாம் இரவல் பெற முடியாது. குதிரையின் காப்பைப் பெற முடியும். ஆனால், அது வைத்தியசாலையில் மட்டுமே கிடைக்கும்.

ஆகவே தாய்மார்களே! பிள்ளையைப் பாம்பு தீண்டினால் காயத்தைக் கீறாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள். மோதிரம், வளையல்களைக் கழற்றி, அசையாது வைத்து, விரைந்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி வரும். தரையில் உறங்குவோரை இரவில் கட்டுவிரியன் தீண்டுவதுண்டு, வலி தெரியாதிருக்கலாம். ஆதலால் விடியலில் பிள்ளையின் கண்ணிமைகள் சோர்ந்திருப்பின் அலட்சியம் வேண்டாம்.

ஓதிப் பார்க்க வேண்டாமா என்று கேட்பீர்கள். தாராளமாக ஓதுங்கள், வண்டியில் செல்லும்போதே ஓதுங்கள். ஓதுவதற்காகப் பயணத்தைத் தாமதிக்காதீர்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் விட நினைத்தவருக்கு நபி (ஸல்) அவர்கள் கற்பித்த பாடம் நமக்கும் உரியதே. கீரிக்கு உடலில் காப்பை வைத்த இறைவன், நமக்கு முயற்சியில் அதனை வைத்திருக்கிறான்.

நம் பிள்ளைகளை வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.