பத்திரத்தைப் பார்த்தேன், சுவரைப் பார்க்கவில்லை

(பழைய மாணவர் சங்கக் கூடல் விழாவில் ஆற்றிய உரை)



மேடை கிடைத்தால் ஜெயித்த கதையைச் சொல்வதுதான் வழக்கம். நான் ஏமாந்த கதையைச் சொல்லப் போகிறேன். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் வீடு வாங்கியவர்கள், மீதிப் பேர் வாங்கப் போகிறவர்கள். யாருக்காவது பயன்படும்.

நான் இந்தக் கல்லூரியில் தாவரவியல் படித்தவன். ஈர ரொட்டியை மூடி வைத்து, அதில் வளர்ந்த ரைசோபஸ் பூஞ்சையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, படம் வரைந்து மார்க்கும் வாங்கியவன். அப்புறம் வங்கி வேலை. பல வருஷம் வீட்டுக் கடன் பிரிவு. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எதில் ஒரு எழுத்து பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவேன். இப்பேர்ப்பட்ட ஆள்தான் பூஞ்சை பிடித்த வீட்டை வாங்கினேன்.

2019 மே மாதம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும் என்று அந்த ஜனவரியில் அறிவிப்பு வந்திருந்தது. "இப்ப விட்டா விலை ஏறிடும் சார்" என்று தரகர் அவசரப்படுத்தினார். கத்திரி வெயிலில் போய்ப் பார்த்தோம். வீடெல்லாம் புதுப் பெயிண்ட் வாசனை. ஓர் அறை மட்டும் பூட்டியிருந்தது. "பழைய சாமான் கிடக்குது" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

ஐப்பசி மழை பிடித்தது. பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளிகள். பத்து நாளில் அவை படையாகப் படர்ந்தன. மடித்து வைத்த பட்டுப்புடவையில் பூசண நாற்றம். என் மனைவிக்குச் சின்ன வயசிலிருந்தே இளைப்பு உண்டு. அந்தக் கார்த்திகையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே தூங்கினாள். டாக்டர் மருந்து எழுதுமுன் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல ஓதம் இருக்கா?"

ஒரு நல்ல கொத்தனாரைக் கூட்டி வந்தேன். மாடியில் தட்டோடு இடுக்குகள் விரிசல் விட்டிருந்தன. தண்ணீர் வாட்டம் குழாய்ப் பக்கம் இல்லாமல் கைப்பிடிச் சுவர் பக்கம் இருந்தது. இதெல்லாம் சரி பண்ணக்கூடியது. ஆனால் கிழக்குச் சுவரில் அடித்தளத்துக்கு மேல் ஓதத் தடுப்புப் பூச்சே கிடையாது. மண்ணிலிருக்கும் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

மாணவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பூஞ்சையின் வித்துகள் காற்றில் எப்போதும் உண்டு. அவற்றைத் தடுக்க முடியாது. முளைப்பதற்கு அவை கேட்பது ஈரம் ஒன்றைத்தான். ஈரத்தை நிறுத்தாமல் மேலே பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் இதற்கென்றே வழிகாட்டி நூல் வெளியிட்டது. ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் மூச்சுக் கோளாறும் ஆஸ்துமாவும் கூடுதலாக இருப்பதை அது சொல்கிறது. இந்த அளவு வரை பூஞ்சை இருந்தால் பரவாயில்லை என்று எந்த எல்லையும் அது வகுக்கவில்லை.

அதனால் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு என் அனுபவப் பாடம் இது.

ஒன்று, கோடையில் பிடித்த வீட்டை ஒரு மழை கழித்து இன்னொரு தரம் பாருங்கள். இரண்டு, பூட்டிய அறை, சுவர் அலமாரி, பரண் எல்லாவற்றையும் திறக்கச் சொல்லி முகர்ந்து பாருங்கள். மூன்று, வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பாகவும் இருக்கலாம். தண்ணீரில் கரைந்தால் உப்பு. ஆனால் உப்பு பூத்தாலும் அங்கே ஈரம் ஏறுகிறது என்றுதான் அர்த்தம். நான்கு, ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிரியுங்கள். சுவரைத் தொடும் பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. ஐந்து, அட்வான்ஸ் கொடுக்குமுன் உங்கள் செலவில் ஒரு பொறியாளரையோ அனுபவப்பட்ட கொத்தனாரையோ அழைத்துப் போங்கள். தரகர் காட்டும் ஆள் வேண்டாம். ஈரமானி வைத்திருப்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

சட்டமும் நம் பக்கம் கொஞ்சம் உண்டு. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவின்படி, விற்பவர் தனக்குத் தெரிந்த முக்கியமான குறையை வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே தெரிந்திருக்கும் குறைக்கு இது பொருந்தாது. அந்தச் சாதாரணக் கவனத்தைத்தான் நான் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

கதை இதோடு முடியவில்லை. 2024 கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை. கிழக்குச் சுவர் மறுபடி ஊறியது. மனைவி படும் பாட்டைப் பார்த்து, வீட்டை விற்றுவிட முடிவு பண்ணினேன். தரகர் சொன்னார், "ரெண்டு கோட் அடிச்சிடுங்க சார், சித்திரையில காட்டிடலாம்." எனக்கும் சபலம் தட்டியது, பொய் சொல்ல மாட்டேன். மனைவிதான் கேட்டாள்: "நமக்கு அடிச்ச பெயிண்டைத்தானே நீங்களும் அடிக்கப் போறீங்க?"

பெயிண்ட் அடிக்கவில்லை.

முதலில் வந்தவர் ஓர் இளம் ஆசிரியர். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துக்காரர். கூட அவருடைய அப்பா. பெரியவர் வரவேற்பறையைக் கண்டுகொள்ளவே இல்லை. நேரே மூலைக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். மேகம் இறங்கும் ஊரில் சாமையும் தினையும் பூசணம் பிடிக்காமல் காப்பாற்றத் தெரிந்தவர் அல்லவா! "மழையில இந்தப் பக்கம் எப்படிங்கய்யா?" என்றார். ஐந்து வருஷக் கதையையும், கொத்தனார் சொன்ன செலவுக் கணக்கையும் அப்படியே சொன்னேன். அவர்கள் வாங்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது பெரியவர், "சொன்னீங்களே, அதுவே பெரிசுங்க" என்றார்.

பிறகு வேறொருவர், கொத்தனாரோடு வந்து பார்த்து, பழுதுபார்க்கும் செலவைக் கழித்துக்கொண்டு வாங்கினார். எனக்கு நஷ்டம்தான். இப்போது சின்ன வாடகை வீடு. வெயில் நன்றாக அடிக்கிறது. மனைவி படுத்துத் தூங்குகிறாள்.

மாணவர்களே, இங்கே படிக்கும் பாடத்தைப் பரீட்சைத் தாளோடு விட்டுவிடாதீர்கள். ரைசோபஸ் என்றைக்காவது உங்கள் வீட்டுச் சுவருக்கும் வரும்.