தணிகை மலையடியில் ஒரு கிளட்ச்

உங்கள் உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டு ஒரு கையைத் திருப்பிப் பாருங்கள். மற்றதும் உடன் திரும்பும். அழுத்தத்தைத் தளர்த்தினாலோ ஒன்று திரும்ப, மற்றது நின்றுவிடும். மோட்டார் வண்டியின் கிளட்ச் இவ்வளவுதான். எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீல் ஒரு கை. கியர்ப் பெட்டியின் தண்டில் அமர்ந்த தட்டு மறு கை. சுருள்வில்களின் விசை அவற்றைச் சேர்த்து வைக்கிறது. காலால் மிதித்தால் பிரிகின்றன. சரி, உள்ளங்கையில் எண்ணெய் பட்டால்? அதைத்தான் திருத்தணியில் கண்டேன்.

நண்பர் ஒருவரிடம் 1965ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் வேன் இருக்கிறது. 1950இல் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கிய இனம் அது. பிரேசில் நாட்டில் 2013 வரை செய்தார்கள். உள்ளே படுக்கை, அலமாரி, சிறு அடுப்பு எல்லாம் உண்டு. குழந்தைகளோடு மலைப்பாதையில் ஏறுகையில் எஞ்சின் வீறிட்டது, வண்டியோ நகரவில்லை. கருகல் நாற்றம் வேறு. சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டுக் குழந்தைகளை இறக்கினோம். பிறகு பிரேக்கை நம்பி வண்டியை மெல்லப் பின்னோக்கி இறக்கினோம். அந்தச் சில நிமிடங்களை நான் மறக்கவில்லை.

மலையடிப் பட்டறையின் முதியவர் எங்களோடு தமிழிலும் தம் பையனோடு தெலுங்கிலும் பேசினார். 1960 ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்த ஊரல்லவா! இவ்வண்டியில் எஞ்சின் பின்புறம் இருக்கிறது. கிளட்சைத் தொட வேண்டுமானால் எஞ்சினையே இறக்க வேண்டும். பெட்ரோல் குழாய், கம்பிகள், ஆக்சிலரேட்டர் கேபிள் ஆகியவற்றைக் கழற்றி, ஜாக்கியால் தாங்கி, நான்கு போல்ட்டுகளை அவிழ்த்தார்கள். எஞ்சினின் பாரம் கியர்த் தண்டில் தொங்கிவிடாதபடி நேராகப் பின்னுக்கு இழுத்த பிறகே கீழே இறக்கினார்கள்.

தட்டு எண்ணெயில் ஊறியிருந்தது. பையன் தூசியை வாயால் ஊதப் போனான். முதியவர் கையைப் பிடித்துத் தடுத்தார். பழைய தட்டுகளில் கல்நார் இருக்கும். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோயையும் உண்டாக்கும். ஈரத் துணியால் துடைத்தார்கள்.

நண்பர் புதுத் தட்டு மட்டும் போதும் என்றார். செலவைக் குறைக்கும் ஆசை! முதியவர் ஒப்பவில்லை. ஃபிளைவீலுக்குப் பின்னால் இருந்த ரப்பர் ஆயில் சீல் இறுகிப் போயிருந்தது, கசிவு அங்கேதான். அதை மாற்றாவிட்டால் புதுத் தட்டும் எண்ணெயில் நனையும் என்றார். ரிலீஸ் பேரிங்கையும் மாற்றினார். தட்டை நடுவில் நிறுத்த மரக்கட்டை ஒன்றைக் கடைந்து செருகினார். இல்லையேல் தண்டு உள்ளே நுழையாது.

மூன்றாம் நாள் காலை வண்டி தடையின்றி மலையேறியது. குழந்தைகள் மட்டும் அதில் ஏற மறுத்து, 365 படிகளையும் நடந்தே வந்தார்கள்.