நம் பிள்ளையின் கையில் முதல் நாவல்



வாத்தியாரண்ணன் நினைவாக ஆண்டுதோறும் இங்கே கூடுகிறோம். பஞ்சமி நிலம், ஆணவக் கொலை, இடஒதுக்கீடு என்று பேசி வந்த மேடை இது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு எந்த நாவலைக் கொடுப்பது என்பதுதான் இந்த ஆண்டு பொருள் என்றதும், "எரிகிற பிரச்சினை எவ்வளவோ இருக்க, இதுவா?" என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். அண்ணன் இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். நில மனுவும் சிறுவர் புத்தகமும் அவரிடம் ஒரே ஜோல்னாப் பையில்தான் இருக்கும்.

எங்கள் தவறு ஒன்றிலிருந்தே தொடங்குகிறோம். 2017இல் ஓர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பு முகாம் நடத்தினோம். ஊர்த்தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் வகுப்பு. முதல் நாளே பாமாவின் 'கருக்கு' நூலை எடுத்தோம். பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கி வரும் பெரியவர், அதைப் பார்த்துச் சிரிக்கும் சிறுமி, அண்ணன் காரணம் சொன்னதும் அந்தச் சிரிப்பு கோபமாவது என்று நாம் எல்லோரும் பலமுறை படித்த பகுதி. வகுப்பும் சிரித்தது. காரணம் தெரிந்த பிறகும் சிலர் சிரிப்பை நிறுத்தவில்லை. சிலர் திரும்பி, மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பையனைப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மறுநாள் அவன் முகாமுக்கு வரவில்லை.

வீடு தேடிப் போனோம். முதலில் பேசவே இல்லை. கிளம்பும்போது கேட்டான்: "எல்லாக் கதையிலயும் நாமதானாக்கா கையக் கட்டிக்கிட்டு நிக்கணும்?"

அன்று எங்களிடம் பதில் இல்லை.

'கருக்கு' 1992இல் வந்து நம்மில் பலரைத் தலைநிமிர வைத்த புத்தகம். குறை அதில் இல்லை. நாம் அதைப் படித்தபோது பக்கத்தில் தோழர்கள் இருந்தார்கள். விவாதிக்க அமைப்பு இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அப்படி யார் இருந்தார்கள்? இழிவை எழுதினால் அது சாட்சியம். அந்தச் சாட்சிக் கூண்டில் அவனைக் கேட்காமலே ஏற்றிவிட்டு, குற்றம் செய்த தரப்பைப் பார்வையாளராக உட்கார வைத்திருந்தோம்.

அதன் பிறகு எங்கள் மாலைப் பள்ளிகளில் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டோம். முதல் நாவல், பிள்ளையின் காயத்தைத் தொடுவதாக இருக்கக் கூடாது. அவனை வெளியே கூட்டிப் போவதாக இருக்க வேண்டும். இழிவைப் பேசும் புத்தகம் கட்டாயம் வரும். ஆனால் அது முழு வகுப்புக்கும் உரிய பாடமாக வரும்.

ஆறாம் வகுப்புக்கு நாங்கள் கொடுப்பது 'டோட்டோ-சான்'. ஜப்பானைச் சேர்ந்த தெத்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981இல் வெளிவந்த நூல். தன்வரலாறுதான் என்றாலும் நாவலைப் போலவே ஓடும். துறுதுறுவென்று இருந்ததற்காக ஒரு பள்ளி துரத்திவிட்ட சிறுமி, ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருக்கும் இன்னொரு பள்ளிக்கு வருகிறாள். அங்கே தலைமையாசிரியர் அவள் பேசுவதை நான்கு மணி நேரம் கேட்கிறார். "நாலு மணி நேரமா?" என்று நம் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். தங்கள் பேச்சைப் பள்ளியில் எவரும் நான்கு நிமிடம் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கே உறைக்கிறது.

அடுத்தது, கிர்கிஸ்தானின் சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதிய குறுநாவல் 'முதல் ஆசிரியர்'. தானே அரைகுறையாக எழுத்துக் கற்ற துய்ஷேன் பழைய குதிரைக் கொட்டகையைப் பள்ளியாக்குகிறான். உறைய வைக்கும் ஓடையில் பிள்ளைகளை முதுகில் சுமந்து கடக்கிறான். ஊர் கேலி செய்கிறது. கூரைப் பள்ளிகளில் நம் தாத்தாக்களுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவர்களை, பெயர்கூடப் பதிவாகாத அவர்களை, இந்தக் கதையைப் படித்து முடித்த அன்று பிள்ளைகள் வீட்டில் விசாரிக்கத் தொடங்குகிறார்கள்.

ஏழாம் வகுப்பில் 'பீமாயணம்'. துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியர்கள் வரைந்த சித்திர நாவல். 1901இல் சிறுவன் பீமராவ், அப்பாவைப் பார்க்கக் கோரேகானுக்குப் போன பயணம் அதில் வருகிறது. நல்ல உடுப்போடு ரயிலில் வந்து இறங்கிய பிள்ளைகளின் சாதி தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறுகிறது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவர் இரட்டை வாடகைக்குச் சம்மதிக்கிறார். ஆனால் வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். இரவு முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

இதை இன்னொரு பள்ளியில் கலப்பு வகுப்பில் படித்தபோது, "பீமராவுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று நாங்கள் கேட்கவில்லை. "நடந்து வந்த வண்டிக்காரர் மனதில் என்ன ஓடியிருக்கும்?" என்று கேட்டோம். இந்த முறை யாரும் திரும்பி யாரையும் பார்க்கவில்லை. நீண்ட அமைதிக்குப் பிறகு ஊர்த்தெருச் சிறுமி ஒருத்தி சொன்னாள்: "எங்க தாத்தாவும் அப்படித்தான் மிஸ். தனி டம்ளர் வெச்சிருக்காரு." தோழர்களே, கேள்வி யாரை நோக்கிப் போகிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிறார். இதற்குப் பிறகுதான் 'கருக்கு' அந்த வகுப்புக்குள் வந்தது. அப்போது பொட்டலத்தைப் பற்றிச் சிரித்தவர்கள், காரணம் வந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

எட்டாம் வகுப்பில், பெரியவர்கள் கூட இருந்து படிக்க இரண்டு நாவல்கள். ஒன்று, பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'. பண்ணையத்துக்கு விடப்பட்டு ஆடு மேய்க்கும் சக்கிலியச் சிறுவனின் கதை. தலித் அல்லாதவர் எழுதியதை ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வி நியாயமானது. பிள்ளைகளிடமும் அதை மறைக்க வேண்டாம். ஆனால் பசிக்கும் அடிக்கும் நடுவே அந்தப் பிள்ளைகள் ஆடும் விளையாட்டும், ஆடுகளோடு அவர்களுக்குள்ள உறவும் முழுமையாக அதில் இருக்கின்றன. முடிவு கனமானது. அதைப் படிக்கும் நாளில் பிள்ளையைத் தனியே விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, பூமணி 1982இல் எழுதிய 'வெக்கை'. அண்ணனைக் கொன்றவனைப் பதினைந்து வயதுச் சிறுவன் வெட்டிவிட்டு, அப்பாவோடு தலைமறைவாகத் திரிகிறான். வன்முறையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்ற தயக்கம் எங்களுக்கும் இருந்தது. ஆனால் நாவலின் பெரும்பகுதி வெட்டு அல்ல. மகனைக் கடிந்துகொள்ளாமல் காத்து நிற்கும் ஓர் அப்பா.

இந்தப் பட்டியலை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு கட்டத் தடை, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாள நீக்கம் என்று அதில் பல பரிந்துரைகள் உண்டு. எல்லாமே நிறைவேற வேண்டும். ஆனால் மணிக்கட்டில் உள்ள கயிற்றை ஓர் உத்தரவு அவிழ்த்துவிடலாம். மனதில் உள்ளதை அவிழ்க்க, பிறர் கண்ணால் பார்க்கும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தை நாவல் தரும். அது பிடிபடும் வயது பதினொன்று முதல் பதிமூன்று.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் மாலைப் பள்ளிக்குப் பத்துப் புத்தகம் வாங்கப் பணம் சேர்ந்தால், பத்துத் தலைப்புகள் வாங்காதீர்கள். ஒரே நாவலில் பத்துப் பிரதிகள் வாங்குங்கள். சேர்ந்து படித்தால்தான் பேச்சு வரும்.

1907இல் பீமராவ் மெட்ரிகுலேஷன் தேறியபோது, கேளுஸ்கர் என்ற ஆசிரியர் தான் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். இழிவை நினைவூட்டும் புத்தகம் அல்ல அது. வேறொரு வாழ்க்கை சாத்தியம் என்று காட்டிய புத்தகம். 1956இல் நாக்பூரில் லட்சக்கணக்கானோர் திரண்ட அந்த நாளுக்குப் பின்னால் அந்தப் பரிசும் இருக்கிறது.

அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு ஆண்டுகள் எங்கள் பக்கம் அவன் வரவே இல்லை. 2019இல் 'அசுரன்' படம் பார்த்துவிட்டு, அதன் மூலக்கதை இருக்கிறதாமே என்று கேட்டு வந்தான். 'வெக்கை'யைக் கொடுத்தோம். பத்து நாளில் திருப்பிக் கொண்டுவந்தான். "அப்பாவும் மகனும் காட்டுல சோறாக்கித் திங்கற எடம் நல்லா இருந்துச்சுக்கா" என்றான். பிறகு, "வேற இருக்கா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு இல்லை என்று நாம் சொல்லிவிடக் கூடாது. ஜெய்பீம்.