வாரத்தில் ஒரு மணி நேரம்

(நமது அறக்கட்டளையின் பெற்றோர் கூட்டத்தில், சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியுள்ள சகோதரி ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. சிங்கப்பூரில் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டிய அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

அங்கே தேசிய நூலக வாரியம் 2004-இல் ‘கிட்ஸ்ரீட்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. வருமானம் குறைந்த குடும்பங்களின் 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்குத் தொண்டர்கள் வாசித்துக் காட்டுவார்கள். சம்பளம் கிடையாது. பிள்ளைகள் நூலகத்துக்கு வரட்டும் என்று காத்திருப்பதில்லை. சமூக மன்றம், பள்ளிக்கூடம் என்று அவர்கள் இருக்கும் இடத்துக்கே புத்தகம் போகும்.

நான் போனது எங்கள் புளோக்குக்கு அருகிலிருந்த சமூக மன்றத்துக்கு. சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம். பாய் விரித்து உட்காருவோம். மலாய்ப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள் எல்லோரும் கலந்திருப்பார்கள். ஒரு கதை வாசிப்போம், பிறகு அதைப் படமாக வரையச் சொல்வோம்.

தொடக்கத்தில் நான் ஒரு தவறு செய்தேன். ஏழு வயதுப் பையன் ஒருவனை எழுப்பி உரக்க வாசிக்கச் சொன்னேன். அவன் திக்கினான். நான் சொல்லுக்குச் சொல் திருத்தினேன். மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அடுத்த இரண்டு வாரம் அவன் வரவேயில்லை.

எங்களோடு ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியை ஒருவர் இருந்தார். மக்சிக் என்று அழைப்போம். அவர் சொன்னார்: “பிழை திருத்தப் பள்ளிக்கூடம் இருக்கிறது. இங்கே நீ வாசி, அவன் கேட்கட்டும்.”

அவன் தாயாரை லிஃப்ட் அருகே பார்த்து, “தப்பு என் மேல்தான், அனுப்பி வையுங்கள்” என்று கேட்டுக்கொண்டேன். வந்தான். கடைசியில் போய் உட்கார்ந்தான். அவனுக்குப் பஸ் என்றால் உயிர். பஸ் படம் போட்ட புத்தகங்களாகத் தேடி எடுத்துப் போனேன். வாசிக்கச் சொல்லவேயில்லை. சில மாதம் கழித்து ஒருநாள், நான் பக்கத்தைப் புரட்டப் போகும்போது கையால் தடுத்து, ஒரு வரியைத் தானே வாசித்தான். அதில் ஒரு சொல் பிழை. நான் திருத்தவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம், மதரஸா, டியூஷன் என்று ஓடுகிறார்கள். நாமும் எத்தனை மார்க் என்றுதான் கேட்கிறோம். என்ன கதை படித்தாய் என்று கேட்பதில்லை. இந்தக் கட்டடத்தின் மாடியில் இரண்டு பீரோ நிறையப் புத்தகம் இருக்கிறது. கிழித்துவிடுவார்கள் என்று பயந்து பூட்டி வைத்திருக்கிறோம். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். பூட்டியே வைத்தால் கரையான்தான் படிக்கும்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்த அறையைத் திறக்க நிர்வாகிகள் அனுமதி தர வேண்டும். ஒரு பாய், பத்துப் புத்தகம், இரண்டு பெண்கள் போதும். பரீட்சை வேண்டாம், பரிசும் வேண்டாம். எழுத்து தெரியாத உம்மாமார்களும் வாருங்கள். உங்கள் வாயில் இருக்கும் கதையும் கதைதான்.

முதல் ஆளாக நான் வருகிறேன். இன்னொருவர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பேன், வந்து பெயர் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.