கண் கெடுவது தலைவிதியா?

(மதுரையை அடுத்த சிற்றூரில் பேசியது)



சர்க்கரை வியாதியால் கண் கெடுவதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் எடுத்து 2023-ல் வெளியான கணக்குப்படி, இந்நாட்டில் இவ்வியாதியுடையவர்கள் 10 கோடிக்கு மேல்.

இவர்களில் ஒருவருக்குப் பார்வை மங்கினால் நம் ஜனங்கள் முன்ஜென்மப் பாவம் என்கிறார்கள். வெள்ளியில் கண்மலர் வாங்கி உண்டியலில் போடுகிறார்கள். காசு தட்டானுக்கும் கோவிலுக்கும் போயிற்று. கண் திரும்பிற்றா என்று கேட்பாரில்லை.

உண்மையில் நடப்பதென்ன? கண்ணின் பின்புறத்தில் விழித்திரை இருக்கிறது. அதற்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மயிரிழையிலும் மெல்லியவை. சர்க்கரை பல வருஷம் மிகுந்திருந்தால் அக்குழாய்களின் சுவர் கெட்டு, அழற்சி உண்டாகிறது. காலில் முள் தைத்தால் சிவந்து வீங்குகிறதல்லவா? அதைப் போன்றதுதான், ஆனால் வலியில்லை. இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் சுவரில் ஒட்டி வழியை அடைக்கின்றன. பிராணவாயு கிடைக்காத விழித்திரை, புதுக் குழாய்களை முளைக்கச் செய்யும் ஒரு பொருளைச் சுரக்கிறது. முளைப்பவை வலுவற்றவை, உடைந்து இரத்தம் கசிகிறது. கண்ணுக்குள்ளிருக்கும் கூழை எடுத்துச் சோதித்த வைத்தியர்கள், இன்டர்லூக்கின்-6 முதலிய அழற்சிக் குறிகள் இந்நோயாளிகளிடம் அதிகமாயிருக்கக் கண்டார்கள். பிரம்மாவின் எழுத்து எதையும் அங்கே காணவில்லை.

கஷ்டம் என்னவென்றால், ஆரம்பத்தில் பார்வை நன்றாகவே இருக்கும். ஊருக்கு உபதேசம் செய்யும் நாமே, சர்க்கரை இருப்பது தெரிந்தும் நாலு வருஷம் கண்ணைக் காட்டவில்லை. பத்திரிகை படிக்க முடிகிறதே, பிறகென்ன என்று இருந்தோம். ஒரு நாள் இடது கண்ணில் நூலாம்படை தொங்கினாற்போலிருந்தது. முகத்தைத் துடைத்தோம், போகவில்லை. அது உள்ளே கசிந்த இரத்தம். லேசர் ஒளியால் மீதியைக் காப்பாற்றினார்கள். போன பார்வை போனதுதான். விதியை நம்பாதவன் கண்ணும் அலட்சியத்தால் கெடும். பகுத்தறிவு மேடைக்கு மாத்திரமல்ல, தோழர்களே!

இதே மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களைக் கொண்டே கத்தி பிடித்தார். அவர் பக்திமான், அரவிந்தர் பெயரையே வைத்தார். ஆயினும் குருடு நீங்க விளக்குப் போடச் சொல்லவில்லை, வைத்தியமே செய்தார். பக்தருக்கே அதுதான் வழியென்றால், மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

ஆகவே, சர்க்கரையுள்ளவர்கள் பார்வை நன்றாயிருந்தாலும் வருஷம் ஒருமுறை கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அடக்கி வையுங்கள். அழற்சியைத் தணிக்கவும், குழாய் முளைப்பதைத் தடுக்கவும் கண்ணிலே போடும் ஊசி மருந்துகள் இன்று உண்டு. முந்தி வந்தால் பெரும்பாலும் கண்ணைக் காக்கலாம், பிந்தினால் முடியாது.

கண்மலருக்கு எடுத்து வைத்த காசைப் பஸ் கூலிக்கு வையுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறோம்.