ஏழு ஊர் எண்ணினாங்க, நம்ம ஊர் எங்கே?

மேடையில இருக்கிற பெரியவங்களே, கீழே சாக்கு விரிச்சு விதையோட உட்கார்ந்திருக்கிற அவங்களைவிடப் பெரியவங்களே!

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘மரபணுப் பயிரும் நாடாளுமன்றக் குழுவும்’. கேட்டதுமே பாதிப் பேர் டீக்கு எழுந்துட்டீங்க. உட்காருங்கய்யா, கத்தரிக்காய்க் கதைதான்.

2009 அக்டோபர். டெல்லியில மரபணுப் பயிருக்கு அனுமதி கொடுக்கிற ஜி.இ.ஏ.சி.ன்னு ஒரு குழு. புழுவைக் கொல்ற மரபணு சேர்த்த பி.டி. கத்தரிக்காயைப் பயிர் பண்ணலாம்னு சொல்லிடுச்சு. என்னய்யா ஆதாரம்னா, பெரும்பாலும் விதை விக்கப்போற கம்பெனி கொண்டுவந்து கொடுத்த சோதனைக் கணக்கு. பையன் எப்படின்னு பையனோட அம்மாகிட்டயே விசாரிச்ச மாதிரி!

எதிர்ப்பு கிளம்பினதும் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், ஊர் ஊரா வந்து கேட்கிறேன்னார். கேட்டார், பாராட்டணும். கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூரு. விரல் விட்டு எண்ணுங்க. 7 ஊர். நம்ம ஊர் எங்கே? நம்ம கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல நம்ம ரகங்கள்லயே அந்த மரபணுவைச் சேர்த்துப் பார்த்தாங்க. சேர்க்கிறதுக்கு நம்ம கத்தரி வேணும், கருத்துச் சொல்ல மட்டும் நாம பெங்களூருக்கு பஸ் ஏறணும்!

ஒரு மனுஷன் அந்த பஸ்ஸுக்குக் காத்திருக்கலை. பேர் சொல்ல மாட்டேன். மேல்சட்டை கிடையாது, பச்சைத் துண்டு, வெள்ளைத் தாடி... பாருங்க, பேர் சொல்லலை, அதுக்குள்ள கைதட்டுறீங்க! கோவில்பட்டிப் பண்ணையில அரசாங்க உத்தியோகத்தை உதறிட்டு வந்தவர். அவர் பேசாத கிராமம் உண்டா? கடைசியில 2010 பிப்ரவரி 9, பி.டி. கத்தரியை நிறுத்தி வெச்சாங்க.

அந்த வருஷமே ஜி.இ.ஏ.சி. பேரையும் மாத்தினாங்க. ‘அனுமதி’க் குழு, ‘மதிப்பீட்டு’க் குழு ஆச்சு. இங்கிலீஷ்ல சுருக்கினா அதே 4 எழுத்து! போர்டுக்குப் பெயின்ட் செலவுகூட மிச்சம்.

இதைச் சொன்னா நாம அறிவியலுக்கு எதிரியாம். ஏ.சி. மண்டபத்துல சால்வை மாத்திக்கிற சில பேர் சொல்றாங்க. காய்ப்புழுவைப் படத்துல பார்த்தவங்க! நான் விரல்ல நசுக்கினவன்யா! எங்க அத்தை விடிகாலையில செடி செடியாப் பொறுக்குவாங்க. சந்தேகம்னா கேள்வி கேட்கிறதுதானே அறிவியல்? சரி, எங்கே விட்டேன்?

நாடாளுமன்ற வேளாண் நிலைக்குழு. மரபணுப் பயிர் விஷயத்தை அதுவும் விசாரிச்சுது. 31 இடம். மக்களவைக்கு 21, மாநிலங்களவைக்கு 10. அப்போ தலைவர் பாசுதேவ் ஆச்சாரியா, வங்காளத்து இடதுசாரி. சபையில மாதிரி அங்கே கூச்சல் போட்டுத் தப்பிக்க முடியாது. அதிகாரியை எதிர்ல உட்கார வெச்சு, யார் சோதிச்சது, எத்தனை நாள், யார் காசுன்னு கேட்பாங்க. பதில் வார்த்தைக்கு வார்த்தை பதிவாகும். மனுவே நானூத்துச் சொச்சம் வந்துச்சு.

இன்னொண்ணு செஞ்சாங்க, அதுதான் பெருசு. விதர்பாவுல பி.டி. பருத்தி போட்ட ஊர்ல ஒரு தற்கொலைகூட இல்லைன்னு பெரிய பத்திரிகை ஒண்ணு எழுதியிருந்துச்சு. 2012 மார்ச்ல குழு யவத்மாலுக்கு நேரா போயிடுச்சு. ஊர்க்காரங்க எழுந்து 14 சாவுன்னாங்க. அச்சடிச்சது பூஜ்யம், மண்ணுல நின்னவன் சொன்னது 14!

அந்த ஆகஸ்ட் 9ல அறிக்கை. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் ஒரே குரல்: வயல்வெளிச் சோதனையை நிறுத்து. நிறுத்தினாங்களா? 2022ல மரபணு மாத்தின கடுகுக்குப் பச்சைக்கொடி. 2024ல அந்தக் கடுகு வழக்குல உச்ச நீதிமன்றத்துல 2 நீதிபதி, 2 தீர்ப்பு. கத்தரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்? முத்தட்டும்!

கூட்டத் தலைவர் நேரமாச்சுன்னு சீட்டு அனுப்பிட்டார். அந்தத் தாடிக்கார மனுஷன் இருந்திருந்தா இந்தச் சீட்டை மடிச்சு விதை கட்டியிருப்பார். அடுத்த தடவை கருத்துக் கேட்க வந்தா 8-வது ஊர் நம்ம ஊரா இருக்கணும், கேள்வி தமிழ்ல இருக்கணும், எங்க அத்தைக்கும் ஒரு நாற்காலி போடணும். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் நீங்க சாப்பிடப் போகணும்.

கடைசி வரிசையில இலவம்பாடி முள்ளுக் கத்தரி விதை வெச்சிருக்கிற அம்மா, எனக்கு ஒரு கைப்பிடி எடுத்து வைங்க. காசு கொடுத்துத்தான் வாங்குவேன்.