ஏழு பேருக்கும் காது இருக்கிறது!

(ஏற்காட்டில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்.)

தோழர்களே! நாகலூரிலிருந்தும் மஞ்சக்குட்டையிலிருந்தும் பனியில் நடந்து வந்திருக்கும் தாய்மார்களே!

"கூட்டம் குறைவாக இருக்கிறதே, இன்று பேசத்தான் வேண்டுமா?" என்று சற்று முன்பு ஒரு தோழர் என் காதோடு கேட்டார். அவருக்குப் பதிலாக ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

சென்ற ஐப்பசி மழையில் ஒரு தோட்டத்தில் கூட்டம் போட்டோம். வந்தவர்கள் ஏழே பேர். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றேன். காப்பிப் பழம் பறிக்கும் ஒரு பாட்டி எழுந்தார். "ஏழு பேருக்கும் காது இருக்குதே தோழரே, பேசுங்க" என்றார். நான் வெட்கப்பட்டேன், பேசினேன்.

அடுத்த கிராம சபையில் அந்தப் பாட்டியே எழுந்து, தங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும் என்றார். "நீ ஒருத்திதானே கேட்கிறாய்?" என்றார் ஒருவர். "முதல்ல எழுதுங்க, தலையை அப்புறம் எண்ணலாம்" என்றார் பாட்டி. தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டது! குழாய் இன்னும் வரவில்லை. ஆனால், யாரும் கேட்கவில்லை என்று இனி எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. அதற்கடுத்த சபைக்கு அவரோடு பதினெட்டுப் பேர் போனார்கள்.

1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் தோழர் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தை நடத்தினார். மே தினம் என்ற பெயரையே கேட்டிராதவர்கள் அன்று எத்தனை லட்சம்! அந்த நாளை விடுமுறையாக்கு என்று அங்கே கோரினார்கள். ஊர் சிரித்திருக்கலாம். இன்றோ தமிழ்நாட்டில் அது சட்டப்படி விடுமுறை. கிராம சபை கூடும் நாட்களில் ஒன்றும் அதுவே!

பேசினால் வேலை போய்விடுமோ என்ற பயம் உங்களுக்கு உண்டு. அது பொய்ப் பயம் என்று நான் சொல்லமாட்டேன். அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு பேச்சுரிமை தருகிறது. அடுப்பில் உலை வைப்பது அந்தப் பிரிவல்ல. ஆகவேதான் தனியாகப் பேசியவரைத் தனியாக விடக் கூடாது என்கிறோம்.

2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். சேர்வராயன் மலையில் மலையாளி மக்கள் தாம் உழும் வன நிலத்துக்கு உரிமை கோரினால், முதலில் தீர்மானம் போட வேண்டியது கலெக்டர் அல்ல, கிராம சபை. ஆனால் அதற்குச் சபையின் உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். ஏழு பேரோடு தொடங்குவது வீரம். ஏழு பேரோடு நின்றுவிடுவது சோம்பல்.

நம் குறையையும் ஒப்புக்கொள்வோம். கூட்டம் குறைந்தால் மக்களைக் குறை கூறுகிறோம். நம் பேச்சு அவர்களுக்குப் புரிந்ததா என்று கேட்டோமா? அவர்கள் பேசியதை நாம் கேட்டோமா?

தோழர்களே! அடுத்த கிராம சபைக்கு ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டார் ஒருவரை அழைத்து வாருங்கள். எழுந்து பேசுங்கள். எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதன் பிறகே கையெழுத்துப் போடுங்கள்!